காத்தலும் தேக்கலும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்களிடையே நெடுங்காலமாக ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்று விளங்குகிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தமிழ் என்பது காக்கப்பட வேண்டிய பொருள். புதுமை செய்தல் தாயகத்தில் இருப்போரின் உரிமை. கொண்டு வந்ததைச் சிந்தாமல் சிதறாமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது மட்டுமே வெளியில் இருப்போரின் கடமை என்பது அக்கொள்கை. கேட்பதற்கு இது பணிவாகவும் பொறுப்புணர்ச்சி மிக்கதாகவும் ஒலிக்கிறது. சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலும் தலைமையுரைகளிலும் வெவ்வேறு சொற்களில் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. இக்கொள்கை தவறானது என்றும், காப்பதாகச் சொல்லித் தமிழைத் தேக்கி வைக்கிறது என்றும், அத்தேக்கத்தால் இழப்பவர்கள் நம் பிள்ளைகளே என்றும் நாம் கருதுகிறோம். விழா மலரில் வாழ்த்துக் கூறுவதே வழக்கமாயினும், இதைச் சொல்வதற்கு இதனினும் தகுந்த இடம் வேறில்லை.

பிழைப்பில் நாம் ஒருபோதும் தேங்கியதில்லை. ஆங்கில ஆட்சியில் கோடைக்குச் சிம்லாவுக்கும் குளிர்காலத்துக்குத் தில்லிக்குமாக அரசு அலுவலகங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தபோது, தமிழ் எழுத்தர்கள் பெட்டி படுக்கையுடன் அவற்றைப் பின்தொடர்ந்தனர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றால் வேலை உண்டு என்று தெரிந்தவுடன் கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் அவற்றைக் கற்று இரயிலேறினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் போனவர்கள் தோல் பதனிடும் தொழிலில் நிலைகொண்டார்கள். பின்னர் வங்கிகள் வந்தன, பொதுத்துறை நிறுவனங்கள் வந்தன, கணிப்பொறி வந்தது. ஒவ்வொன்றிற்கும் ஏற்பத் தமிழர்கள் தங்களை மாற்றிக்கொண்டார்கள். சந்தையில் நின்றே இந்தியும் மராத்தியும் வங்கமும் கன்னடமும் பேசக் கற்றார்கள். இரவு உணவிற்குச் சப்பாத்தி இடுவதை எந்தப் பாட்டியும் பண்பாட்டுச் சீரழிவு என்று எதிர்த்ததாக நாம் அறியோம்.

கல்வியிலும் அப்படியே. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தொடங்கிய முயற்சி. இன்று அது ஏழு பள்ளிகளாக நிற்கிறது. மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. இவற்றை நிறுவியவர்கள் ஊரில் இருந்த திண்ணைப் பள்ளியைப் பெயர்த்துக்கொண்டு வரவில்லை. வந்த நகரத்திற்கு என்ன வேண்டுமோ அதைக் கட்டினார்கள். அதனுள்ளே தமிழுக்கு இடம் வைத்தார்கள்.

இத்துணை மாற்றங்களையும் தயங்காமல் ஏற்ற அதே மக்கள், கலை என்றும் இலக்கியம் என்றும் வந்தவுடன், ஊரை விட்டுப் புறப்பட்ட நாளின் நாட்காட்டித் தாளைக் கிழிக்க மறுப்பது விந்தையிலும் விந்தை. 1965இல் வந்தவர்க்கு 1965ஆம் ஆண்டின் தமிழே தமிழ். அவ்வாண்டின் பாட்டே பாட்டு. அவ்வாண்டு வார இதழில் வந்த தொடர்கதையே நாவல். 1990இல் வந்தவர்க்கு அந்த ஆண்டு. இந்தத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தானே தொன்மை மரபு என்று வாதாடுவதைச் செயற்குழுக் கூட்டங்களில் காணலாம்.

விழா நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொள்வோம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறுமியர் நடனம், திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்குப் பரிசு, சென்னையிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட பேச்சாளரின் பட்டிமன்றம், நன்றியுரை, சிற்றுண்டி. தலைப்பில் கண்ணகி இருப்பாள், மாதவி இருப்பாள். இல்லையெனில் கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்றிருக்கும். ஆண்டை மட்டும் மாற்றினால் சென்ற ஆண்டின் அழைப்பிதழே இந்த ஆண்டிற்கும் போதும். பட்டிமன்றம்கூட, குன்றக்குடி அடிகளார் போன்றோர் பொதுமேடைக்குக் கொண்டுவந்து வளர்த்தபோது புதுமையாக இருந்ததுதான். கேட்போரைச் சிந்திக்க வைக்க எழுந்த வடிவம், எந்த அணி வெல்லும் என்பது அரங்கிலுள்ள அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்த நாளில் தன் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது. (இம்மலரின் கட்டுரைப் பகுதியைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். பதிப்பாசிரியர் பொறுத்தருள்வாராக.)

இதற்கு மரபு என்று பெயர் சூட்டுவதைத்தான் நாம் முதன்மையாக மறுக்கிறோம். தமிழ் மரபு என்று நாம் போற்றுவனவற்றுள் பெரும்பாலானவை, ஒரு காலத்தில் எவரோ துணிந்து செய்த மாற்றங்களே.

எழுத்திலிருந்து தொடங்குவோம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைத்து நெடிலிலிருந்து வேறுபடுத்தும் பழைய முறை, ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடப்படாமற் போனதால் குழப்பம் தந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தார். இன்று நம் குழந்தை எழுதும் ஏகாரமும் ஓகாரமும், இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் திருத்தம். பெரியார் 1935இல் தம் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. அதற்குமுன் ணை, லை, ளை, னை ஆகியவற்றிற்குத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவற்றிற்குத் தனிச் சுழிப்பு இருந்தது. மாற்றினால் தமிழ் அழியும் என்று அன்றும் கூறப்பட்டது. தமிழ் அழியவில்லை. அச்சுக்கோப்பவர்க்கும் தட்டச்சாளர்க்கும், பின்னர் வந்த கணிப்பொறிக்கும் அது எளிதாயிற்று. வடநாட்டு நகரங்களில் சில முதியவர்கள் இன்னும் பழைய கொம்போடு கடிதம் எழுதுகிறார்கள். அக்கையெழுத்தில் ஓர் அழகு உண்டு. அதை நாம் எள்ளவில்லை. ஆனால் அந்தக் கொம்பில் தமிழின் உயிர் இல்லை என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் எழுத்தே காட்டிவிட்டது.

இசையில் இது இன்னும் தெளிவு. வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை இன்று எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. அது மேலைநாட்டுக் கருவி. 19ஆம் நூற்றாண்டில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதை நம் இசைக்குப் பழக்கினார்கள். வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகளை அடுக்கித் துக்கடாக்களில் முடியும் கச்சேரி முறையோ அரியக்குடி இராமாநுச ஐயங்காரால் சென்ற நூற்றாண்டில் நிலைபெற்றது. அம்முறையிலிருந்து அணுவளவும் பிறழக்கூடாது என்று நம் சபாக்களில் சினந்து எழுபவர்கள், ஒரு மனிதர் தம் காலத்து இரசிகர்களைக் கருதிச் செய்த ஏற்பாட்டுக்கே காவல் நிற்கிறார்கள்.

நாகசுரத்தின் கதை எல்லோரும் அறிய வேண்டியது. முன்னாளில் கோயில் வீதியில் ஒலித்தது திமிரி என்னும் குட்டை நாகசுரம். உச்சமான சுருதி உடையது. அதன் சுத்த மத்திமம் உரிய இடத்தில் சரியாகப் பேசாது. திறமையுள்ள கலைஞர்கள் உதட்டாலும் மூச்சாலும் அக்குறையை மறைத்து வாசித்தார்கள். மறைத்து வாசிப்பதே திறமை என்றும் ஆகிவிட்டது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளைக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டையில் கருவி செய்யும் ரங்கநாத ஆசாரி அவருக்காகக் குழலின் நீளத்தையும் துளைகளையும் மாற்றி மாற்றிக் கடைந்து, தாழ்ந்த சுருதியில் மத்திமம் சரியாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். நாம் வியக்கும் அந்தத் தோடி, அந்த மாற்றத்தின் வழியே வந்தது. இராசரத்தினம் பிள்ளை குடுமியைக் களைந்து கிராப்பு வைத்ததும், மேல்சட்டை அணிந்து மேடையேறியதும் அன்று எவ்வளவு முணுமுணுப்பை எழுப்பின என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆசாரியார் பழைய அளவையே பேணியிருந்தால் அந்த ஊர்ப்பெயர் இன்று எங்கே இருந்திருக்கும்?

காலத்தால் நிகழும் மாற்றம் குற்றமாகாது என்று நன்னூலில் பவணந்தியார் விதித்திருப்பதை மேற்கோள் காட்டாத விழா மேடை இல்லை. 13ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் ஒருவர் தம் இலக்கணத்திலேயே மாற்றத்திற்கு வாயில் திறந்து வைத்தார் என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் அந்நூற்பாவை ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே ஏற்ற இறக்கத்துடன், அதே கைத்தட்டலுக்காக ஓதுகிறோம். மாற்றத்தைப் பற்றிய சொல்லையும் மாறாத சடங்காக்கி வைத்திருக்கும் திறமை வேறு எவர்க்கு வாய்க்கும்!

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். தமிழகத்தில் இருப்பவரைச் சுற்றிலும் தமிழ் இருக்கிறது. அவர் எவ்வளவு மாற்றினாலும் வேர் அறாது. நம்மைச் சுற்றிலும் பிறமொழி. இங்கே ஓர் அடி நெகிழ்ந்தால் எல்லாம் போய்விடும். ஆகவே கட்டுப்பாடு தேவை என்பர். இந்த அச்சம் பொய்யன்று. மூன்றாம் தலைமுறையில் தமிழ் வீட்டின் சமையலறையோடு நின்றுவிட்ட குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஆயினும் அக்குடும்பங்களில் தமிழ் நின்றுபோனது மாற்றத்தால் அன்று. பிள்ளைக்குத் தன் வாழ்க்கையைப் பேசுவதற்கு அம்மொழியில் ஒன்றும் கொடுக்கப்படாததால். மெட்ரோவில் பள்ளிக்குப் போய், மைதானத்தில் இந்தி பேசி, வகுப்பில் ஆங்கிலம் எழுதி வரும் பெண்ணிடம் சங்கம் தருவது, பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்ய வேண்டிய பத்துக் குறள். குறளின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. அந்தப் பெண்ணின் தோழிகள், அவள் அச்சங்கள், தில்லியின் மூச்சு முட்டும் கார்த்திகை மாதக் காற்று ஆகியவற்றைத் தமிழில் சொல்லலாம் என்று அவளுக்கு எவரும் காட்டவில்லை. காட்டாத மொழியை அவள் எதற்காகச் சுமப்பாள்?

மற்றொரு சாரார் நம் கருத்தை ஏற்பதாகக் கூறிக்கொண்டு, குறளுக்குப் பதிலாக அவ்வாண்டுத் திரைப்பாடலை ஒலிக்கவிட்டுச் சிறுவர்களை ஆட வைக்கிறார்கள். இளைஞர்களை ஈர்க்கிறோம் என்கிறார்கள். அதுவும் மாற்றமன்று, பழைய படியெடுத்தலின் இடத்தில் புதிய படியெடுத்தல், அவ்வளவே. சென்னையில் எவரோ பாடியதற்கு எவரோ அமைத்த அசைவை இங்கே திரும்பச் செய்வதில் இந்நகரத்துப் பிள்ளையின் பங்கு வியர்வை மட்டுந்தான்.

தாயகத்திற்கு வெளியே வாழ்ந்துகொண்டு தமிழில் நிலைத்த படைப்பைத் தந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அவர் விரும்பியிருந்தால் சோழர் நாடகங்களை எழுதித் தள்ளியிருக்கலாம். மேடையும் கைத்தட்டலும் காத்திருந்தன. அவரோ தாம் வாழ்ந்த நகரத்தின் கோட்டையைப் பார்த்து ‘ஔரங்கசீப்’ எழுதினார். மொகலாய அரண்மனையின் வாரிசுப் போர் தமிழ் நாடகமாயிற்று. பின்னர் இந்திக்கும் சென்று மேடையேறியது. 1968இன் கீழவெண்மணிக் கொடுமையைப் பின்புலமாகக் கொண்ட ‘குருதிப்புனல்’ நாவலிலும், தில்லியிலிருந்து சிற்றூருக்குச் செல்லும் மனிதரின் கண் வழியாகவே தஞ்சையைக் காட்டினார். வெளியில் இருப்பது அவருக்குக் குறையாக இல்லை, பார்வையாக இருந்தது. அந்நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

ஆதவன் தில்லியில் அரசு வேலை பார்த்த இளைஞர்களின் தமிழை எழுதினார். அலுவலக இடைவேளை, பேருந்து நிறுத்தம், நட்பில் உள்ள நடிப்பு, தன்னையே ஐயுறும் மனம் இவையெல்லாம் ‘காகித மலர்கள்’ நாவலிலும் சிறுகதைகளிலும் வருகின்றன. ஊரின் ஆற்றங்கரையை நினைந்து உருகும் பக்கங்களை அவரிடம் தேட வேண்டியதில்லை. 1987இல் சிருங்கேரியில் நீரில் மூழ்கி அவர் மறைந்தார். சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. அவர் வாழ்ந்த நகரத்தில் இன்று தமிழ் பயிலும் மாணவர் எத்தனை பேர் அவரை வாசித்திருப்பர்? அவர்களுடைய சொந்தத் தெருக்கள் தமிழில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதையே அவர்கள் அறியார்.

மும்பைக்கு 1972இல் வேலை தேடிப் போன நாஞ்சில்நாடன், வேலையில்லாப் பட்டதாரி அந்நகரில் அலைவதை ‘மிதவை’யில் எழுதினார், அங்கேயே தனியனாக வயது முதிரும் ஒருவனைச் ‘சதுரங்கக் குதிரை’யில் எழுதினார். அவருடைய நாஞ்சில் நாட்டுப் பேச்சு மும்பையில் தேயவில்லை. மும்பையைச் சொல்லப் பயன்பட்டு வலுப்பெற்றது. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தக் கடைவீதியின் கூலிகளையும் சில்லறைத் திருடர்களையும் எழுதினார். கொல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி வங்க மொழியிலிருந்து நேராக மொழிபெயர்த்தார். அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ அவ்வாறே நமக்குக் கிடைத்தது. கருநாடகத்தில் பணியாற்றிய பாவண்ணன் பைரப்பாவின் ‘பர்வ’ நாவலைத் தமிழில் ‘பருவம்’ ஆக்கினார். இவர்கள் எவரும் தமிழை விட்டு விலகியவர் அல்லர். தாம் நின்ற இடத்திலிருந்து தமிழுக்குக் கொடுத்தவர்கள். தமிழகத்தில் இருப்பவர் செய்ய இயலாத ஒன்றை, வெளியில் இருப்பதனாலேயே செய்தவர்கள். வெளியில் இருப்போரின் கடமை காவல் மட்டுமே என்னும் கொள்கையை இவர்களும் நம்பியிருந்தால் நம் நூலகங்களில் ஓர் அலமாரி வெறுமையாக இருந்திருக்கும்.

தேக்கத்தின் தீமை நூல்களோடு நிற்பதில்லை. நம் கண் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி முகாம் என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்தன. சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களும் அன்றாடக் கூலிகளும் அவர்களுள் மிகுதி. பிள்ளைகள் தில்லியின் தமிழ்ப் பள்ளிகளில் படித்தனர். உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே மாற்று வீட்டிற்குத் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. அந்த வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். வேலையும் பள்ளியும் தெற்கே, வீடு வடக்கே.

தமிழ்க் குடியேற்றத்தின் வரலாற்றில் இது சிறிய நிகழ்ச்சியன்று. கண்ணகி நீதி கேட்டதை ஆண்டுதோறும் மேடையில் நடித்துக் காட்டும் சமூகத்திற்கு, தன் நகரத்திலேயே தமிழ் பேசும் பெண்கள் இடிபாடுகளுக்கு நடுவே தட்டுமுட்டுச் சாமான்களுடன் நின்றது ஒரு நாடகத்திற்கான பொருளாகத் தோன்றவில்லையெனில், அச்சமூகம் சிலப்பதிகாரத்தைக் காத்திருப்பதாக எவ்வாறு சொல்வது? இளங்கோவடிகள் தம் காலத்து வாணிகர் குடும்பத்துப் பெண்ணைக் காப்பியத் தலைவியாக்கினார். அரசரையும் தெய்வத்தையும் விட்டு அவளை எடுத்தது அன்று பெரிய மாற்றம். அந்தத் துணிவை விட்டுவிட்டுச் சிலம்பை மட்டும் உயர்த்திப் பிடிக்கிறார்கள். வசதி படைத்தோரின் சங்கம் ஒருபுறமும் வடிகால் ஓரத்துத் தமிழர் ஒருபுறமுமாக இருக்கும்வரை, விழா மேடையின் தமிழ் அரைத்தமிழாகவே இருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வீட்டிற்குள்ளும் இதே கதைதான். கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதும் பேரனைப் பார்த்துத் தமிழ்க்கொலை என்று தலையில் அடித்துக்கொள்ளும் தாத்தாக்கள் பலர். அவன் தமிழ் எழுத்தைக் கற்க வேண்டும் என்பதில் நாமும் விட்டுக்கொடுக்கமாட்டோம். ஆனால் அவன் ஒரு பாட்டியிடம் நலம் விசாரிக்கத் தமிழைத் தேர்ந்தான் என்பதை முதலில் காண வேண்டும். அவனை நகையாடினால் அடுத்த செய்தி இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். அதிலும் பிழை இராது. இந்தியும் தமிழும் கலந்து அவனும் அவன் தோழர்களும் பேசுவது ஒருநாள் நல்ல கதையொன்றின் உரையாடலாகலாம். ஆதவனின் மாந்தர் ஆங்கிலம் கலந்து பேசியதையும் அன்று சிலர் குறை கூறினார்கள்.

ஆகவே சங்கங்களின் செயற்குழுவினர்க்கு நாம் சிலவற்றை வெளிப்படையாகவே கேட்கிறோம். சென்னைப் பேச்சாளருக்கான விமானக் கட்டணத்தில் பாதியையேனும் இந்நகரத்தைப் பற்றி உறுப்பினர் எழுதும் நாடகத்திற்குத் தாருங்கள். அது கரடுமுரடாக இருக்கும், முதல் மூன்று ஆண்டுகள் அமர்ந்து பார்ப்பதே தவமாக இருக்கலாம், பார்ப்போம். இந்தியும் வங்கமும் மராத்தியும் கன்னடமும் தாய்மொழிபோல் அறிந்த தமிழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நல்ல நூலை அம்மொழிகளிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர ஒரு பரிசு வையுங்கள். 1950களிலும் 60களிலும் வந்து சேர்ந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் முதல்நாள் இரவு எங்கே தங்கினார்கள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதைப் பதிவு செய்யுங்கள். நரேலாவுக்குப் போன குடும்பங்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

இவற்றிற்கெல்லாம் பணமும் குழுவும் வேண்டும் என்பீர்களாயின், பணமே வேண்டாத ஒன்றும் உண்டு. நம் சிறுகதைப் போட்டி அறிவிப்புகளில் பெரும்பாலும் ‘தமிழர் பண்பாட்டை விளக்கும் வகையில் அமைதல் வேண்டும்’ என்றொரு விதி இருக்கிறது. அதனாலேயே வருகின்ற கதைகளில் பாதியில் பொங்கல் பானை பொங்குகிறது. மீதியில் அமெரிக்கா சென்ற மகன் மனம் திருந்தி வருகிறான். அந்த விதியை அடித்துவிட்டு, ‘கதை இந்நகரத்தில் நிகழ வேண்டும்’ என்று எழுதுங்கள். வரும் தைக்குள் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பொதுக்குழுவின் தீர்மானம்கூடத் தேவைப்படாது.